முதல் மைக் வாங்குவதற்கு முன்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்த மைக் வாங்கலாம்?" ஆன்லைன் கடையில் தேடினால் மைக், அதைத் தாங்கும் கை, சின்ன சவுண்ட் கார்டு, பஞ்சு உறை எல்லாம் ஒரே பெட்டியில், நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும். ஆசையாக வாங்கிப் பாடிக் கேட்டால் குரல் குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மைக் மட்டம் என்று முடிவுகட்டி, காசு சேர்த்து, விலை கூடிய மைக்கை வாங்குவார்கள். அதிலும் அதே குளியலறைதான், இன்னும் தெளிவாகக் கேட்கும். மைக்கை மாற்றினார்களே தவிர, அறையை யாரும் தொடவில்லை.

ஆகவே வாங்கும் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். முதலில் அறை, பிறகு ஹெட்ஃபோன், அதன் பிறகு மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும். ஸ்பீக்கரை இப்போதைக்கு மறந்துவிடலாம். கையில் நூறு ரூபாய் இருந்தால் இருபதை அறைக்கும் இருபதை ஹெட்ஃபோனுக்கும் ஒதுக்குங்கள். மைக்குக்கு இருபத்தைந்து, இன்டர்ஃபேஸுக்கு இருபத்தைந்து. மீதிப் பத்து ஸ்டாண்டுக்கும் கேபிளுக்கும். எத்தனை ஆயிரம் இருந்தாலும் இதே விகிதத்தில் பிரிக்கலாம்.

கருவி எளிமையாக இருப்பது குறையே இல்லை. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டில், இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 மைக்குகளையும் நாலு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றையும் வைத்துத் தன் புதுப் பாடல்களை மாதிரிக்காகப் பாடிப் பதிந்து வைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவுக்குப் போய் அதே பாடல்களை முறையாகப் பதிவு செய்து பார்த்தபோது, வீட்டுக் கேசட்டில் இருந்த உணர்வு அதில் கூடி வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. இன்று ஆரம்ப நிலையில் இருப்பவர் வாங்கும் சாதாரண இன்டர்ஃபேஸ்கூட அந்தக் கேசட் ரெக்கார்டரைவிடப் பல மடங்கு சுத்தமாகப் பதியும்.

சரி, அறைக்கு வருவோம். யூடியூபில் பாடம் நடத்தும் வெளிநாட்டுக்காரர்களின் வீடுகளில் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த பலகைச் சுவரும் தரை முழுக்கக் கம்பளமும் இருக்கும். நம் வீடு செங்கல், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. இதில் எதுவுமே சத்தத்தை உள்வாங்காது. பாடிய குரல் ஆறு பக்கமும் மோதித் திரும்பி மைக்குக்குள் நுழைகிறது. அறை நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பின் 'ட்ர்ர்ர்' என்று உலோக அதிர்வு போல ஒரு வால் நீண்டால், இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடப்படுகிறது என்று பொருள்.

இதைவிடத் தொல்லையானது அடிக்குரல் முழக்கம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். அந்தக் கணக்கில், பத்தடி இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 114, 172 ஹெர்ட்ஸும் வெளியே போக முடியாமல் நிலைத்து நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் அதே சுரங்கள்தான் ஊதிப் பெருக்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு ஆதார சட்ஜமம் 131 ஹெர்ட்ஸ், சுத்த மத்திமம் 174. சட்ஜமத்தில் அடக்கமாக இருக்கும் அறை, மத்திமத்தைத் தொட்டதும் கூடவே முழங்கும். பதிவைக் கேட்கிறவருக்குப் பாடகர் மத்திமத்தை மட்டும் வேண்டுமென்றே அழுத்திப் பாடியதாகத் தோன்றும். எந்த மைக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் அறை எந்தச் சுரத்தில் முழங்குகிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. மூலையில் நின்று, வாயை மூடிக்கொண்டு, அடிக்குரலிலிருந்து 'ம்ம்ம்' என்று மெதுவாக இழுத்து மேலே போங்கள். ஓரிடத்தில் சட்டென்று நெஞ்சுக்கூடு அதிரும் அளவுக்குச் சத்தம் பெருகும். அதே சுரத்தைப் பிடித்தபடி அறைக்குள் அரை அடி அரை அடியாக நகர்ந்து பாருங்கள். எங்கே பெருக்கம் அடங்குகிறதோ அங்கேதான் நின்று பாட வேண்டும். அறைக்கு அறை இந்த இடம் மாறும். மூலையில் எல்லா முழக்கமும் ஒன்றுகூடும் என்பதால் அங்கே மட்டும் ஸ்டாண்டைப் போடாதீர்கள்.

முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. ஓரங்குலக் கறுப்பு ஸ்பாஞ்சும் ஏறக்குறைய அப்படித்தான். 172 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 2 மீட்டர். ஓரங்குல ஸ்பாஞ்சுக்கு அது தட்டுப்படவே தட்டுப்படாது. குரலின் மேல்பகுதியில் இருக்கும் பளிச்சென்ற ஒலிகளை மட்டும் அது உறிஞ்சிவிடுவதால், முழக்கம் அப்படியே நிற்கக் குரல் மந்தமாகிவிடும். தடிமன்தான் முக்கியம். நாலங்குல ராக்வூல் பலகைகளை மரச் சட்டத்தில் அடைத்து, காற்றுப் புகும் துணியைச் சுற்றி, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தினால் நல்ல பலன் உண்டு. குளிர்சாதனக் குழாய்களுக்கு உறை போடும் பொருள்கள் விற்கும் கடைகளில் ராக்வூல் கிடைக்கும். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் அவசியம், அதன் தூசு தோலில் அரிக்கும்.

அதற்குப் பணம் இல்லையென்றால் இலவம்பஞ்சு மெத்தையே போதும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்சு ஒட்டுவார்கள். நாம் வாங்கும் மைக்குகளில் அநேகமாக எல்லாமே கார்டியாய்டு வகை. அதாவது முன்பக்கம் கேட்கும், பின்பக்கம் கேட்காது. மைக் பார்ப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். எனவே மெத்தையைப் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொடி கட்டித் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுவதும் நல்ல வழி.

இவை எல்லாம் அறைக்குள் ஒலி சிதறுவதைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் போகும் காய்கறி வண்டி, ஆட்டோ ஹாரன் எதையும் தடுக்காது. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான தடுப்பும் இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுவது, மைக்கின் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பது, இரவு பத்துக்கு மேல் பாடுவது, இந்த மூன்றும் செலவு குறைந்தவை. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் அது தண்டனைதான். இரண்டு நிமிடம் பாடிவிட்டு ஐந்து நிமிடம் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறை ஓரளவு அடங்கிய பிறகுதான் மைக் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. இரண்டு வகை உண்டு. டைனமிக் மைக்கில் காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். மேடைக் கச்சேரிகளில் பார்க்கும் ஷ்யூர் எஸ்எம்58 இந்த வகைதான். 1966-இல் வந்தது, இன்றும் மாறாமல் விற்கிறது. கண்டென்சர் மைக்கில் மின்னேற்றம் உள்ள மெல்லிய சவ்வு அதிரும். அது வேலை செய்ய இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் தர வேண்டும். குரலின் நுணுக்கமான ஓரங்கள், மூச்சு, வீணையின் மீட்டு, இவற்றைக் கண்டென்சர்தான் அழகாகப் பிடிக்கும்.

டைனமிக் மைக் அறைச் சத்தத்தைக் கேட்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் கேட்டுவிடும் என்று சொல்வார்கள். இது பாதி உண்மை. உண்மையில் முடிவு செய்வது தூரம். எஸ்எம்58-ஐ வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடலாம். அதன் வலைக்கூண்டு அதற்காகவே செய்தது. கண்டென்சரை அவ்வளவு பக்கத்தில் வைத்தால் 'ப' போன்ற எழுத்தெல்லாம் குண்டு போடும், எச்சில் சத்தம்கூடக் கேட்கும். அதனால் ஒரு சாண் தள்ளித்தான் வைக்கிறோம். நாலு விரலுக்கும் ஒரு சாணுக்கும் நடுவே குரலின் பலம் ஏறக்குறைய 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. அறையில் மோதித் திரும்பும் ஒலியோ எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு. குரல் குறைந்து அறை குறையாததால் அறை மேலோங்கிக் கேட்கிறது.

ஆகவே மெத்தையும் போர்வையும் கட்ட வழியில்லாத வாடகை வீடு, சத்தமான தெரு என்றால் டைனமிக் மைக் வாங்குங்கள். தயங்கவே வேண்டாம். நெருங்கிப் பாடும்போது கார்டியாய்டு மைக்குகளில் அடிக்குரல் கூடுதலாகத் தெரியும். மெல்லிய குரலுக்கு அது நன்மை. கனத்த குரலென்றால் மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். மாறாக, அறையை அடக்கியாகிவிட்டது, இரவில் அமைதி கிடைக்கிறது, வீணையோ கர்நாடக சங்கீதமோ பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் கண்டென்சர்.

கண்டென்சர் வாங்கும்போது பெட்டியில் ஓர் எண்ணைத் தேடுங்கள். மைக் தானாகவே எழுப்பும் இரைச்சல் எவ்வளவு என்று அது சொல்லும். ஆரம்ப நிலைக்காரர்கள் அதிகம் வாங்கும் ஆடியோ டெக்னிகா ஏடி2020-இல் அது 20 டெசிபல். ரோடு என்டி1-இல் 4.5 மட்டும். ஆனால் நகரத்து வீட்டில் நள்ளிரவில் ஃபேனை நிறுத்தினாலும் அறையின் சத்தம் பெரும்பாலும் 30 டெசிபலுக்கு மேல்தான் இருக்கும். அந்த நிலையில் 20-க்கும் 4.5-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு எட்டாது. அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை அறைக்குச் செலவிடுவதே மேல்.

பாட்காஸ்ட் நடத்துகிறவர்களின் முகத்துக்கு நேரே தெரியும் அந்தக் கறுப்புக் குழாய் போன்ற ஷ்யூர் எஸ்எம்7பி மீது பலருக்குக் கண் இருக்கிறது. அருமையான மைக்தான், ஆனால் மிக மெல்லிய சமிக்ஞை தருவது. அதை 60 டெசிபல் வரை உயர்த்த வேண்டும். விலை குறைந்த பல இன்டர்ஃபேஸ்களில் அவ்வளவு கெயின் இருக்காது, இருந்தாலும் இரைச்சலும் சேர்ந்து வரும். முதல் மைக்காக அதை வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக்கைக் கதை வாசிப்பதற்கும் பேசுவதற்கும் தாராளமாக வாங்கலாம். பாட்டுக்குத்தான் யோசிக்கச் சொல்கிறேன். நாளை மிருதங்கத்துக்கு இரண்டாவது மைக் சேர்க்க நினைத்தால் யூஎஸ்பி மைக் அதற்கு இடம் கொடுக்காது.

இன்டர்ஃபேஸ் செய்வது மூன்று வேலை. மைக்கின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்குகிறது, எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது, திரும்பி வருவதை ஹெட்ஃபோனுக்குத் தருகிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்றவை உலகம் முழுக்க ஆரம்ப நிலைக்காரர்களின் மேசையில் இருக்கின்றன. எந்தக் கம்பெனியானாலும், ஒன்றுக்கு இரண்டு மைக் உள்ளீடு இருப்பதாக வாங்குங்கள். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என இரண்டு மைக் இல்லாமல் சரியாக வராது. 48 வோல்ட் பொத்தான் இருக்கிறதா, டைரக்ட் மானிட்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாலு, எட்டு உள்ளீடு வீட்டுக்குத் தேவைப்படுவதில்லை.

டைரக்ட் மானிட்டர் எதற்கு? உங்கள் குரல் இன்டர்ஃபேஸுக்குள் போய், கம்ப்யூட்டரைச் சுற்றி, ஹெட்ஃபோனுக்கு வர நேரம் பிடிக்கும். மென்பொருளில் பஃபர் (ஒரு தவணையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 1024 என்று இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே 21 மில்லி நொடி. போகவர இரட்டிப்பாகும். தன் குரல் தனக்கே பிந்திக் கேட்டால் தாளம் நிற்காது. 128-க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லி நொடிக்கும் குறைவு. டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் குரல் நேரே காதுக்கு வந்துவிடும். ப்ளூடூத் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு பாடவே கூடாது என்பதற்கும் தாமதம்தான் காரணம். அதில் தாமதம் இதைவிடப் பன்மடங்கு.

ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையில் சுருதிப்பெட்டியின் ஒலி கசிந்து மைக்குக்குள் போகும். பிறகு குரலை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. சோனி எம்டிஆர்-7506 என்ற பழைய கம்பி ஹெட்ஃபோனை 1991-இலிருந்து ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். பேஸ் அதிரும் பாட்டுக் கேட்கும் ஹெட்ஃபோன்களை நம்பி வேலை செய்தால், இல்லாத அடிக்குரலை இருப்பதாக நினைத்துக் குறைத்துவிடுவீர்கள். சுருதியைத் தனி டிராக்காகப் பதிந்து வைத்து ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள். முடிந்தபின் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூட்டிக் குறைக்கலாம்.

மானிட்டர் ஸ்பீக்கர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன பத்துக்குப் பத்து அறையில் அது பொய் சொல்லும். மத்திமத்தில் முழங்கும் அறைக்குள் உட்கார்ந்து, எது பாட்டில் இருக்கிறது, எது அறையில் இருக்கிறது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஹெட்ஃபோனில் வேலையை முடித்து, போன் ஸ்பீக்கரிலும் காரிலும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

மென்பொருளுக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். பேச்சுப் பதிவுக்கு ஆடாசிட்டி போதும், அதுவும் இலவசம். பல டிராக்கில் பாட்டு அடுக்குகிறவர்களுக்கு நான் சொல்வது ரீப்பர். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் தனிநபர் உரிமத்தை மலிவாக வாங்கிக்கொள்ளலாம். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 48 வீடியோவோடு பொருந்தும். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம், 24 பிட்டில் கணக்குப்படி 144. அவ்வளவு இடம் இருப்பதால் கெயினை விளிம்புவரை ஏற்ற வேண்டியதில்லை. நீங்கள் பாடப்போகும் உச்சஸ்தாயியை முழுக் குரலில் பாடி, மீட்டர் மைனஸ் 12-க்குப் பக்கத்தில் நிற்கும்படி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஸ்டாண்டையும் கேபிளையும் கடைசி நேரத்தில் கிடைத்ததை வாங்குகிறவர்கள் அதிகம். அடிப்பாகம் கனமான ஸ்டாண்டாகப் பாருங்கள். லேசானது ஒருநாள் மைக்கோடு சாயும். மேசையில் திருகும் கை வைத்தால் மேசையைத் தொடும் ஒவ்வொரு தட்டும் பதிவாகும். எக்ஸ்எல்ஆர் கேபிள் 3 மீட்டராவது இருந்தால் விசிறி சுழலும் லேப்டாப்பை எட்ட வைக்கலாம். கண்டென்சருக்கு, 'ப' போடும் குண்டைத் தடுக்கும் பாப் ஃபில்டர் அவசியம். மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி அதை வைத்துவிட்டால், பாடுகிறவர் தன்னை அறியாமல் நெருங்குவதையும் அது தடுக்கும்.

எல்லாம் கூடி வந்தபின் 'ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் எர்த் சரியில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துப் போட்டு ஓட்டுகிற வழக்கம் உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் மலிவான எல்இடி விளக்கும் சேர்ந்து ஒரு கரகரப்பைக் கிளப்பும். பாடும் நேரத்தில் இரண்டையும் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

எஸ்எம்58-க்குப் போலிகள் ஏராளம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குவதே நல்லது. டைனமிக் மைக்கைக் கைமாற்றாகவும் வாங்கலாம், சட்டென்று கெடாது. கண்டென்சரை அப்படி வாங்கத் தயங்குவேன், காரணம் ஈரம். கடலோர ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் அதன் சவ்வில் ஈரம் ஏறிப் பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் வரும். பாடி முடித்ததும் மைக்கைத் துணிப்பையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். வாணலியில் மெல்லிய சூட்டில் வறட்டினால் மறுபடி நீலமாகும், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.